செறிப்பின்றி உதிர்ப்பு உண்டோ?

வினை உயிரை வந்தடையும் வழியை ஊற்று என்றும், அவ்வழியை அடைத்தலைச் செறிப்பு என்றும், முன்னரே சேர்ந்த வினையைக் கழித்தலை உதிர்ப்பு என்றும் நம் ஆகமங்கள் வகுத்துரைக்கின்றன. ஓட்டை விழுந்த ஓடத்தில் ஓயாது நீர் இறைப்பவன் கரை சேரான். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும் என்னும் உவமையை இளமை முதலே கேட்டு வருகிறோம். இன்று உலக நாடுகள் தம்முள் நடத்தும் ஒரு போட்டியை எடைபோடவும் அவ்வுவமை உதவுகிறது.

பயன்படுத்திய பொருளை எறிந்துவிடாது மீண்டும் மீண்டும் பயன்பாட்டுக்குக் கொணரும் முறையைச் சுழற்சிப் பொருளாதாரம் என்பர். இதில் எந்த நாடு முன்னேறியுள்ளது என்பதை அளக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் ஒரு விகிதத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நாடு பயன்படுத்தும் மொத்தப் பொருள்களுள், கழிவிலிருந்து மீட்கப்பட்டவை நூற்றுக்கு எத்தனை என்பதே அது. 2023ஆம் ஆண்டில் ஒன்றியத்தின் சராசரி 11.8 விழுக்காடு. நெதர்லாந்து 30.6 பெற்று முதலிடத்திலும், ருமேனியா 1.3 பெற்றுக் கடைசியிலும் நின்றன.

விழுக்காடு பொய் சொல்லாது. ஆனால் முழு உண்மையையும் சொல்லாது. ஒரு வீட்டில் ஆண்டுக்கு நூறு மூட்டைப் பொருள் செலவாகிறது. அதில் முப்பது மூட்டை பழையதிலிருந்து மீட்கப்பட்டது. அடுத்த வீட்டில் செலவு பத்து மூட்டை, மீட்கப்பட்டது ஒன்று. மதிப்பெண் இட்டால் முன்னதற்கு 30, பின்னதற்கு 10. ஆனால் முன்னதற்காக மண்ணிலிருந்து புதிதாய் எடுக்கப்பட்டது எழுபது மூட்டை. பின்னதற்காக ஒன்பதே மூட்டை. இவற்றுள் எது அறத்திற்கு அணிமையான வீடு?

கிழிந்த புடவையைத் தைத்து உடுத்துவதற்கு இக்கணக்கில் மதிப்பெண் இல்லை. அது கழிவாகவே மாறவில்லை அன்றோ! கழிவை மறுசுழற்சிக்கென அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்தாலோ, அனுப்பிய நாட்டின் கணக்கிலேயே அது வரவாகிறது.

ஆம்ஸ்டர்டாம் நகரின் சர்க்கிள் எகானமி என்னும் அமைப்பு, உலகம் முழுமைக்குமான விகிதத்தை அறிக்கைகளாக வெளியிடுகிறது. 2018இல் 9.1 விழுக்காடு, 2023இல் 7.2, 2025இல் 6.9. மீட்கப்படும் பொருளின் அளவு சற்றே கூடியும் இந்த அண்மைச் சரிவு நேர்ந்தது. மொத்த நுகர்வு அதனினும் விரைந்து பெருகி, ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டன்னைக் கடந்துவிட்டதே காரணம். நீர் இறைக்கும் கை விரைகிறது, ஓட்டையோ அகலமாகிறது.

ஜப்பான் 2003இல் வகுத்த திட்டம் மூன்று இடங்களில் அளந்தது: உள்ளே வரும் பொருளால் விளையும் பயன், உள்ளே சுழலும் பங்கு, இறுதியில் புதைக்கப்படும் கழிவு. நெதர்லாந்து அரசும் 2016இல், புதிதாய் எடுக்கும் மூலப்பொருள்களின் பயன்பாட்டை 2030க்குள் பாதியாக்குவதென இலக்கு வைத்தது. இது வாயிலில் இடும் வரம்பு. வரம்பை அறிவித்தல் எளிது, காத்தல் அரிது எனினும், அளக்க வேண்டிய இடம் அதுவே.

ஏனெனில் மண்ணும் நீரும் மரமும் ஓரறிவுயிர்களின் உடல்கள் எனக் கொள்வது நம் நெறி. புதிதாய் அகழும் ஒவ்வொரு முறையும் ஊறு நேர்கிறது. மீட்ட பொருள் அவ்வூற்றைக் குறைக்கலாமேயன்றி, பெருகும் ஆசைக்கு ஈடு செய்யாது.

அவ்வாறாயின், குறைவாய் நுகரும் ஏழை நாடுகளே உயர்ந்தவை என்போமா? அதுவும் பிழை. உணவின்றிப் பட்டினி கிடத்தல் நோன்பாகாது. உடையவன் தானே விரும்பி விடுவதே துறவு. ஆதலின் வறிய நாட்டுக்கு இன்னும் பொருள் வேண்டும். வரம்பு கட்டும் கடமை மிகுதியாய் உடையவர்க்கே முதற்கண் உரியது.

அளத்தல் நமக்குப் புதிதன்று. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் ஏற்கும் இல்லறத்தார், நிலம், மனை, பொன், வெள்ளி, தானியம் என ஒவ்வொன்றுக்கும் இவ்வளவே என முன்னதாகவே எல்லை வகுத்துக்கொள்வர். நாடுகள் நுகர்ந்த பின் கணக்கெடுக்கின்றன. விரதியோ நுகருமுன் அளவிடுகிறார். பிறரை விட நான் எத்தனை மேல் என்னும் கேள்வி செருக்கை வளர்க்கும். நேற்றைய என்னை விட இன்று எனக்கு எவ்வளவு குறைவாய்ப் போதும் என்னும் கேள்வியே வினையைத் தடுக்கும்.

இக்கேள்வியை நாடுகள் கேட்கும் நாள் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டு அலமாரியைத் திறந்து இன்றே தொடங்கலாம்.