கொடுத்த வீடும் கொடாத உரிமையும்

அலகாபாத்தில் (2018 முதல் பிரயாக்ராஜ்) இரு மாளிகைகள் அருகருகே நிற்கின்றன. மூத்ததை 1900ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிய வழக்கறிஞர் மோதிலால் நேரு, அதற்கு ஆனந்த பவன் எனப் பெயரிட்டார். பின்னாளில் பக்கத்திலேயே புதிய இல்லம் ஒன்றை எழுப்பி, அப்பெயரை அதற்குச் சூட்டினார். பழைய மாளிகையை 1930இல் காங்கிரசுக்கு வழங்கினார். அது சுவராஜ் பவன் ஆயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1970இல், பேத்தி இந்திரா புதிய ஆனந்த பவனையும் நாட்டுக்கு அளித்தார். ஒரே குடும்பம் இரண்டு மாளிகைகளைக் கொடுத்திருக்கிறது. துறவைப் போற்றுவதில் குறைவைக்காத நம் நாட்டிலும் இது அடிக்கடி காணும் செயல் அன்று.

எனினும், கொடுப்பவர் எதைக் கொடுக்கிறார், எது அவரிடமே தங்கிவிடுகிறது என்ற வினா அவ்வீடுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எழுகிறது.

அந்த வீட்டின் செல்வ வாழ்வை ஜவாகர்லால் தம் தன்வரலாற்றில் மகிழ்வோடு நினைவுகூர்கிறார். மின்விளக்கு புதுமையாக இருந்த காலத்தில் அங்கே நீச்சல் குளம் இருந்தது. நீந்தத் தெரியாத தேஜ் பகதூர் சாப்ரு அதன் முதற்படியிலேயே அமர்ந்துவிடுவாராம். 1920இல் மோதிலால் தம் தொழிலைக் கைவிட்டதும் அந்த வாழ்வு முடிந்தது. குதிரைகளும் வண்டிகளும் விற்கப்பட்டன. 1921 டிசம்பரில் தந்தையும் மகனும் கைதாயினர். அபராதம் கட்டுவதில்லை என்பது காங்கிரசின் கொள்கை. ஆகவே காவலர் திரும்பத் திரும்ப வந்து வீட்டுப் பொருள்களை அள்ளிச் சென்றனர். நான்கு வயதுச் சிறுமி இந்திரா சினந்து அவர்களைத் தடுத்தாள்.

இங்கே ஒன்றை விட்டுவிடலாகாது. துறவை முடிவு செய்தவர்கள் ஆண்கள். அதன் சுமை வீட்டின் பெண்கள் தோளிலும் ஏறியது. வாழ்வெல்லாம் நோயுற்றிருந்த மோதிலாலின் மனைவி சொரூபராணி, 1932 ஏப்ரலில் ஊர்வலம் ஒன்றில் தடியடிபட்டு, தலையில் குருதி வழியத் தெருவில் விழுந்தார். கணவர் அதற்கு ஓராண்டு முன்பே மறைந்திருந்தார். மகன் சிறையில் இருந்தார். கொடைப் பத்திரங்களில் அந்த அம்மையாரின் கையொப்பத்தை யாரும் தேடுவதில்லை.

ஆகவே இத்தியாகம் போலியானது என்று சொல்பவரோடு நான் உடன்படேன். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்த ஒருவரை நடிகர் என்பது நேர்மையாகாது. ஆனால் உண்மையான தியாகத்திற்கே உரிய இடர் ஒன்று உண்டு: அது மதிப்பை ஈட்டித் தருகிறது. துறந்த பொருளினும் பெரிய செல்வம் அது. வீட்டைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம். மக்களின் அன்பை மாற்றி எழுத எந்தப் பதிவகமும் இல்லை. 1928இல் காங்கிரசுத் தலைவராக இருந்தவர் மோதிலால். 1929இல் அப்பதவி மகனுக்கு வந்தது. 1959இல் பேத்தி அதில் அமர்ந்தார், தந்தை பிரதமராக இருக்கும்போதே. 1966இல் பேத்தியே பிரதமரானார். 1984இல் அவர் மகன். யாரும் வலிந்து பறிக்கவில்லை, மக்களே வாக்களித்தனர். பாட்டன் பட்ட பாட்டுக்குப் பேரனிடம் நன்றிக்கடன் தீர்க்கும் பழக்கம் நம்முடையது. குற்றத்தில் பாதி நம்மைச் சேரும்.

இந்தக் குடும்பத்தின் பொருள் எங்கிருந்து வந்தது? மோதிலால் பல்லாண்டு வாதாடிய அலகாபாத் உயர்நீதிமன்றத்திலிருந்து. அதே நீதிமன்றம் 1975 ஜூன் 12 அன்று, இந்திராவின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. வீட்டை நாட்டுக்குக் கொடுத்து அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. இம்முறை கொடுக்கவேண்டியிருந்தது கல்லும் சுண்ணமும் அன்று, பதவி. அதை அவரால் கொடுக்க இயலவில்லை. ஜூன் 25 இரவில் நெருக்கடிநிலை வந்தது. தாத்தாவும் தந்தையும் இருந்த சிறைகளுக்கு எதிர்க்கட்சித் தலைவர்கள் அனுப்பப்பட்டனர்.

1977 மார்ச்சில் மக்கள் அவரைத் தோற்கடித்தனர். பிரதமர் இல்லத்தை விட்டு வெளியேறியவர், குடும்ப நண்பர் ஒருவர் ஒழித்துக் கொடுத்த வீட்டில் குடியேறினார். 1980 ஜனவரியில் அதே மக்கள் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டனர்.