மூன்று வாசல்கள்

பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிப்போர் அதன் அழகை மட்டும் மீட்க வேண்டுமா, அல்லது அதன் குற்றத்தின் அடையாளத்தையும் காக்க வேண்டுமா?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள விக்டோரியா குளியல் மாளிகை இவ்வினாவை நம்முன் வைக்கிறது. 1906-ஆம் ஆண்டு நகராட்சி அதைத் திறந்தது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், மெருகேற்றிய ஓடுகள், மொசைக் தரை என்று அரண்மனைக்குரிய அழகோடு அது எழுந்தது. வீட்டில் குளியலறை இல்லாத எளியோருக்கும் அங்கே இடம் இருந்தது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே வாசல் இல்லை. ஆண்கள் முதல் வகுப்பு, ஆண்கள் இரண்டாம் வகுப்பு, பெண்கள் என மூன்று வாசல்கள். அவற்றின்மேல் அவ்வாறே எழுத்துகள். நீரும் அவ்வரிசையிலேயே சென்றது. முதல் வகுப்பு ஆண்கள் நீந்திய நீர் இரண்டாம் வகுப்பாரின் குளத்திற்கும், இறுதியில் பெண்களின் குளத்திற்கும் விடப்பட்டது.

பராமரிப்புச் செலவு பெருகவே, 1993-இல் மாளிகை மூடப்பட்டது. மக்களோ அதைக் கைவிடவில்லை. 2003-இல் பி.பி.சி. தொலைக்காட்சி நடத்திய போட்டியில் நேயர்களின் வாக்குகளால் அது வென்றது; 34 இலட்சம் பவுண்டு நிதி கிடைத்துச் சீரமைப்பு தொடங்கிற்று. வாசல்களின் மேலுள்ள எழுத்துகள் இன்றும் அழியாமல் நிற்கின்றன.

மனிதரைத் தரம் பிரித்த சொற்களைப் பொதுப்பணத்தில் காப்பது முறையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. எனினும் அவற்றை அகற்றிவிட்டால், பளபளக்கும் ஓடுகளைக் காண்போர் அக்காலம் முழுவதும் அழகானது என்றே எண்ணுவர். பிறர் நீந்திக் கழித்த நீரில் இறங்கிய பெண்களுக்கு நாம் மீண்டும் ஒருமுறை அநீதி இழைத்தவர்களாவோம். செய்த தவற்றை மறைப்பவன் திருந்தியவன் ஆகான்.

ஆனால் எழுத்தைக் காப்பது வேறு. அது குறித்த ஏற்பாட்டைக் காப்பது வேறு. சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியில்லா வழியும், வறியவருக்கு எட்டும் கட்டணமும் இல்லையெனில், புதுப்பித்த மாளிகையில் நான்காவது வாசல் ஒன்று அடைபட்டே நிற்கும். எனவே நவீனமாக்குதல் பழமைக்குப் பகையன்று. எல்லாருக்கும் என்று அன்று சொல்லி, அரைகுறையாய் நிறைவேற்றிய வாக்கை இன்று முழுமையாக்குவதே அது.

மான்செஸ்டரின் வாசல்களில் எழுத்தேனும் இருக்கிறது, வாசிப்பவர் வெட்கப்படலாம். எழுத்தே இல்லாமல் நாம் காத்துவரும் வாசல்களை எவர் வாசிப்பார்? நம் மனச்சான்றுதான் வாசிக்க வேண்டும்.