பெயரைச் சொல்லாவிட்டால் போதுமா?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் ரயில், பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் கடந்து செல்கிறது. அதில் பயணம் செய்யும் வங்கி ஊழியர் ஒருவர், வாடிக்கையாளரின் கடன் நிலுவையைக் கைப்பேசியில் விவரிப்பதாகக் கொள்வோம். சுற்றிலும் மலையாளிகள் என்றெண்ணித் தமிழில் பேசுகிறார். எல்லைப்புறத்தில் மொழி திரையாகுமா? அங்கே பலருக்கும் இரு மொழிகளும் தெரியும். 'பெயரைச் சொல்லவில்லையே!' என்பார் அவர். 'கோயிலுக்குக் கிழக்கே பலசரக்குக் கடை, மூத்த மகளுக்குத் திருமணம்' என்ற பிறகு, கிராமத்தில் பெயர் எதற்கு? அந்தத் திருமணமே நின்றுபோகலாம்.

அவர் பொய் சொல்லவில்லை, தீங்கு நினைக்கவுமில்லை. ஆயினும் அச்செய்தி அவருடையது அன்று. அடகு நகையைப்போல, நம்பி ஒப்படைக்கப்பட்டது. அரசுடைமை வங்கிகளுக்கான 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த இரகசியக் காப்புக்கு ஊழியரிடம் உறுதிமொழி கேட்கிறது.

அப்படியானால் மறைப்பது எப்போதுமே அறமா? நெய்யாற்றின்கரையில் 1878-இல் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை, திருவிதாங்கூர் திவானின் குறைகளைத் தம் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். 1910-இல் நாடு கடத்தப்பட்டார். அவர் வெளியிட்டவை அதிகாரத்தின் குறைகள். அவற்றுக்குரிய விலையையும் அவரே கொடுத்தார். கடைக்காரரோ அந்த ரயிலிலேயே இல்லை. தம் கடன் பேசப்பட்டதைப் பிறர் சொல்லித்தான் அறிவார்.