அஷ்டாவக்கிரருக்கு ஓர் அரங்கம்

ஜனகரின் அவைக்குள் அஷ்டாவக்கிரர் நுழைந்தபோது, எட்டுக் கோணல் கொண்ட அவரது உடலைக் கண்டு அவையோர் சிரித்தனர் என்று வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. அவரும் பதிலுக்குச் சிரித்து, தோலைக் கொண்டு மனிதரை மதிப்பிடுவோர் நிறைந்த அவை இது என்றாராம். சிரித்தவர்கள் நாணித் தலைகுனிந்தனர்.

ஆனால் மகாபாரதத்தின் வனபர்வம் வேறொரு முடிவையும் தருகிறது. வாதத்தில் வென்ற அஷ்டாவக்கிரர் தந்தையின் சொற்படி சமங்கை நதியில் மூழ்கி எழுகிறார், கோணல்கள் நேராகிவிடுகின்றன. அறிவால் ஓர் அவையையே வென்றவருக்கு உடல் ஏன் திருத்தப்பட வேண்டும்? பாகவதத்திலும் கண்ணன் கூனியை நிமிர்த்தி அருள்கிறான். மறுபக்கம், மந்தரையின் கூன் அவளுடைய சூழ்ச்சிக்கு அடையாளமாகவே மேடைகளில் காட்டப்பட்டு வந்தது. சகுனியின் காலில் குறை இருந்ததாக வியாசர் சொல்லவில்லை. பின்னாளில் கதை சொன்னவர்கள்தாம் அவனை நொண்ட வைத்தார்கள். ஆக, குறையுள்ள உடலுக்கு அரங்கில் இரண்டே வேலைகள்: திருத்தப்படுவது, அல்லது வெறுக்கப்படுவது. அவற்றையும் முதுகில் துணிமூட்டை கட்டிக்கொண்ட பிறரே நடித்தனர்.

டெல்லியின் 'அபிலிட்டி அன்லிமிடெட்' குழு இந்த வழக்கத்தை மாற்றியது. சையத் சலாவுதீன் பாஷாவின் பயிற்சியில், சக்கர நாற்காலியில் அமர்ந்த கலைஞர்கள் கீதையையும் இராமாயணத்தையும் நடன நாடகங்களாக நிகழ்த்தியுள்ளனர். அர்ஜுனனின் தேருக்கும் சக்கரங்கள் உண்டு அல்லவா? கொல்கத்தாவில் பார்வையற்ற நடிகர்களைக் கொண்ட 'பிளைண்ட் ஆபரா' குழு தாகூரின் நாடகங்களை மேடையேற்றியிருக்கிறது.

இத்தகைய நாடகம் முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. பல கண்கள் கலங்குகின்றன. அந்தக் கைதட்டல் எதற்கு? அர்ஜுனனின் தளர்ச்சியை நடிகர் உணர்த்திய விதத்திற்கா, அவர் மேடைக்கு வந்துவிட்டார் என்பதற்கா? இரண்டாவதே காரணமெனில், சிரித்த அவைக்கும் அழுத அரங்கத்திற்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை. இரண்டும் பார்த்தது உடலை மட்டுமே.

இரக்கம் நற்குணம் ஆயிற்றே, அதைப் பழிக்கலாமா என்று கேட்கலாம். பழிக்க வேண்டியதில்லை. இத்தகைய குழுக்களுக்கு ஒத்திகை இடமும் வண்டிச் செலவும் பெரும்பாலும் இரக்கத்தின் வழியாகவே கிடைக்கின்றன. ஆனால் இரக்கம் ஒன்றைச் செய்வதில்லை: குறை சொல்வதில்லை. மற்ற நடிகரிடம் 'இரண்டாம் காட்சி எடுபடவில்லை' என்று தயங்காமல் சொல்லும் ரசிகர், சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் 'அற்புதம்' என்று மட்டுமே சொல்லி நகர்ந்துவிடுகிறார். பல மாதங்கள் உழைத்த கலைஞருக்கு இதைவிடப் பெரிய புறக்கணிப்பு வேறென்ன?

பார்வையாளர் காணாத ஒத்திகை அறையில் இந்தச் சிக்கல் எளிதில் கரைந்துபோகிறது. பார்வையற்ற நடிகர் காலடிகளை எண்ணியும், தரையில் விரித்த பாயின் விளிம்பைப் பாதத்தால் உணர்ந்தும் தம் இடத்தை அறிகிறார். அவருடன் நடிக்கும் பார்வையுள்ளவர் ஓசையின்றி வந்து நின்றால் காட்சி கெடும். ஆகவே அவர் தம் வருகையைக் குரலாலோ காலடியாலோ அறிவிக்கப் பழகுகிறார். காட்சி மாற்றத்திற்காக விளக்குகள் அணைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பார்வையுள்ளவர் தடுமாற, மற்றவர் இயல்பாக நடந்து போகிறார். அந்த அறையில் யார் யாருக்கு உதவுகிறார் என்று கணக்கு வைப்பாரில்லை. 'சரியாக வரவில்லை, மீண்டும் செய்' என்ற சொல்லும் எல்லோருக்கும் ஒன்றுபோலவே விழுகிறது.

இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 30-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் கலையாற்றல் அவர்களது நன்மைக்காக மட்டுமன்றிச் சமுதாயம் வளம்பெறவும் வளர வேண்டும் என்கிறது. பெறுபவராக மட்டுமே எண்ணப்பட்டவர் இங்கே கொடுப்பவராகிறார். 2016-ஆம் ஆண்டின் சட்டமும் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகும்படி அமைய வேண்டும் என்கிறது. அதன்படி பல அரங்குகளின் வாயிலில் இன்று சாய்தளம் இருக்கிறது. அது பார்வையாளர் இருக்கை வரை செல்கிறது. அங்கிருந்து மேடைக்கு ஏறப் பெரும்பாலும் படிகள்தாம். திரை விலகுமுன், அர்ஜுனனை இருவர் நாற்காலியோடு தூக்கிச் சென்று மேடையில் வைக்கின்றனர்.