போருக்குக் கூலியா உரிமை?

1801 மே 24-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கிழக்கிந்தியக் கும்பினிப் படையிடம் விழுந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிபட்டுக் கிடந்த அந்தக் கோட்டையை மறுபடி எழுப்பிப் போரிட்ட ஊமைத்துரை, பிணங்களுக்கு நடுவே காயம்பட்டுக் கிடந்தார். தங்கள் ஆட்களைத் தேடி அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் குற்றுயிராகக் கண்டாள். அவனோ தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் சாமியை, அதாவது ஊமைத்துரையை, காப்பாற்றச் சொன்னான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிப் போனார்கள். கும்பினியின் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உடம்பைத் துணியால் மூடி ஒப்பாரி வைத்து, பையன் அம்மை கண்டு இறந்துவிட்டான் என்றார்கள். வந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். இதை எழுதிவைத்தவர் எதிர்த்தரப்பில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1830-இல் வெளிவந்தன. அந்தத் தாயின் பெயர் அவற்றில் இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மகனின் கடைசிச் சொல்லில் உருகி நின்றுவிடுகிறார்கள். மகன் கேட்டது ஒரு கோரிக்கை, அவ்வளவே. துணி, ஒப்பாரி, அம்மை என்ற பொய் எல்லாம் அந்தப் பெண்கள் நின்ற இடத்தில் எடுத்த முடிவுகள்; பிடிபட்டிருந்தால் விலை கொடுத்திருக்க வேண்டியவர்களும் அவர்களே. தாய்ப்பாசம் என்று பெயர் சூட்டியதும் அந்த அரசியல் துணிவு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே போர்க்காலப் பெண்களின் பங்கைப் பேசும்போது வாளேந்தியவர்களோடு இவர்களையும் சேர்த்தாக வேண்டும். ஆனால் இதிலிருந்து பலரும் போகும் அடுத்த படி, அதாவது இவ்வளவு செய்தவர்களுக்கு உரிமை தரக்கூடாதா என்ற வாதம், கேட்க நியாயமாக இருந்தாலும் ஆபத்தானது.

பிரிட்டனைப் பாருங்கள். முதல் உலகப் போரில் வெடிமருந்து ஆலைகளில் உழைத்தவர்களில் மிகப் பலர் இளம்பெண்கள். 1918-இல் வாக்குரிமை வந்தபோது அது முப்பது வயதைக் கடந்த, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கே கிடைத்தது. போரில் பணியாற்றிய ஆணுக்கோ பத்தொன்பது வயதே போதுமானதாக இருந்தது. ஆலையில் நின்ற இளம்பெண் 1928 வரை காத்திருந்தாள். கூலி என்று வந்துவிட்டால் அளக்கும் மரக்கால் கொடுப்பவன் கையில்தான் இருக்கும். போர் தோற்றால் அந்தக் கூலியும் இல்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பெண்கள் காப்பாற்றிய ஊமைத்துரை அதே ஆண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். இலங்கையில் உள்நாட்டுப் போர் முடிந்த 2009-க்குப் பிறகு, ஆயுதம் ஏந்திய தமிழ்ப் பெண்கள் பலருக்கு அந்தக் கடந்தகாலமே வேலைக்கும் திருமணத்துக்கும் தடையாக நின்றது.

பெண்ணால் முடியாது என்ற பழிப்பை உடைத்தது போர்க்களம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். 1943-இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக உருவான ஜான்சிராணிப் படையில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்தபோது பல வாய்கள் அடைபட்டன. ஒரு பொய்யை உடைப்பதற்கு அந்தச் சான்று போதும். அதையே உரிமைக்கு அடித்தளமாக்கினால், போரையே பார்க்காத பெண் எதைக் காட்டி உரிமை கேட்பாள்? உரிமை சும்மா வராது, போராடித்தான் பெறவேண்டும் என்பதும் சரியே. போராடிப் பெறுவது வேறு, தகுதியை மெய்ப்பித்துப் பெறுவது வேறு. சென்னை மாகாணத்தில் 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. மனுக்களும் கூட்டங்களும் தூதுக்குழுக்களும் வாங்கித் தந்த வெற்றி அது. அங்கும் சொத்து என்ற தகுதி குறுக்கே நின்றதால், தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நட்ட கூலிப்பெண்கள் வெளியே நின்றார்கள். அவர்கள் வாக்குச்சாவடிக்குள் நுழைந்தது, அரசியல் சட்டம் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று எழுதிவைத்த பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தலில்தான்.