வாங்கத் தெரிந்த கை

எங்கள் மாமனார் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால், "நான் ஒரு புழு, தூசி, எல்லாம் அவர் கிருபை" என்றுதான் தொடங்குவார். வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். சபைக் கணக்கைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார் என்று அவரோடு ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. இதற்குப் பெயர் தாழ்மையா?
– பெயர் வேண்டாம், ராசிபுரம்

இல்லை அம்மா. தூசியிடம் கணக்கு கேட்டால் தூசிக்குக் கோபம் வராது.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் தேவாலயத்துக்கு ஜெபிக்கப் போன இருவரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பரிசேயனை நாம் கொஞ்சம் அவசரமாகவே பெருமைக்காரன் என்று ஒதுக்கிவிடுகிறோம். அவனுடைய ஜெபத்தின் தொடக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தேவனுக்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கிறான். தான் நல்லவனாக இருப்பதற்கு தேவனே காரணம் என்பதை அவன் மறுக்கவில்லை. இன்றைக்கு நம் சாட்சி நேரத்தில் எழுந்து நின்றால், அவனும் 'எல்லாம் கிருபை' என்றுதான் சொல்லியிருப்பான். வார்த்தையில் குற்றமில்லை, கண்தான் தூரத்தில் நின்ற வரி வசூலிப்பவன் மேல் போய்விட்டது. அந்த ஆயக்காரனுக்கோ பக்கத்தில் யார் நிற்கிறார் என்றே தெரியவில்லை. தனக்கு இரக்கம் வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. தாழ்மையின் அடையாளமாக எனக்குத் தெரிவது அதுதான். தன்னைப் பற்றி மட்டமாகப் பேசுவது அல்ல, தன் தேவையைத் தெரிந்து கேட்பது. மட்டமாகப் பேசுவதிலும் பேச்சு தன்னைப் பற்றியதாகத்தானே இருக்கிறது!

இதில் நமக்கும் ஒரு வலை உண்டு. "நல்லவேளை, நான் மாமனாரைப் போல இல்லை" என்று மனசுக்குள் ஓடிய நொடியில் நாம் பரிசேயன் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறோம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கும் அந்த நினைப்பு வந்தது.

அதற்காக, பறக்கும் தட்டைத் தாழ்மையோடு பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. மருமகளை வாய்மூட வைக்கத்தான் பல வீடுகளில் இந்தச் சொல் பயன்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் அவருடைய அப்பாவிடம் பேச வேண்டும். கணக்கை சபைக் கூட்டத்தில் கேட்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு.

கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். தசமபாகம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. தீவன விலை ஏறியது, முட்டை விலை இறங்கியது, இப்போது கடனில் நிற்கிறேன். கர்த்தருடைய கிருபை என்னை விட்டுப் போய்விட்டதா?
– ஒரு வாசகர், நாமக்கல்

போகவில்லை. மக்காச்சோளமும் சோயாவும் என்ன விலைக்கு வருகின்றன, முட்டைக்கு அன்றைக்கு என்ன விலை அறிவிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது உங்கள் லாப நஷ்டம். தசமபாகம் கொடுக்காத பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் அதே விலைதான். இயேசுவே சொல்லியிருக்கிறார், மழை நல்லவன் நிலத்திலும் பெய்யும், கெட்டவன் நிலத்திலும் பெய்யும் என்று.

கொடுத்ததற்குத் திரும்பி வருவது கூலி. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கூலியையும் கிருபையையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறார். கொடுத்தால் பலமடங்கு வரும் என்று மேடையில் சொல்லித்தரும் பிரசங்கிமார் அந்தப் பகுதியை ஏனோ சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். கடனைப் பற்றி வங்கியில் பேசுங்கள், வீட்டில் மறைக்காதீர்கள். முடியாத மாதத்தில் காணிக்கையைக் குறைத்துப் போடுங்கள். இரண்டு காசு போட்ட விதவையைப் புகழ்ந்தவர் உங்களைக் கோபிக்க மாட்டார்.

நான் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறேன். வருடத்தில் பாதி நாள் வடநாட்டில். எல்லாம் கிருபை என்றால் மனிதன் ஏன் மெனக்கெட வேண்டும்? மெனக்கெட்டுக் கிடைத்தால் அது எப்படி கிருபை?
– ஒரு சகோதரர், திருச்செங்கோடு

பதில் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது, தம்பி. பாறையை உடைத்து ஆயிரம் அடி இறக்குகிறீர்கள். ராத்திரி முழுக்கப் புழுதி, இரைச்சல். தண்ணீர் பீறிட்டு வந்ததும் நிலத்துக்காரர் உங்களுக்கு மாலை போடலாம். ஆனால் அந்தத் தண்ணீரை வண்டி உண்டாக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டை போடாமலும் அது மேலே வராது. சில இடத்தில் அதே ஆயிரம் அடிக்கும் வெறும் புகைதான் வரும். அங்கே நீங்கள் குறைவாக உழைத்தீர்கள் என்று அர்த்தமா?

இந்தக் கேள்வி 1,600 வருடப் பழையது. மனிதன் தன் மனத்திடத்தாலேயே பாவத்தை விட்டுவிட முடியும் என்றார் பெலாகியுஸ் என்பவர். அந்தத் திடத்தையும் தேவன்தான் தர வேண்டும் என்றார் வட ஆப்பிரிக்காவின் அகுஸ்தீனார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அகுஸ்தீனார் பக்கம் நின்றார்கள். அவர் ஒன்றும் சோம்பேறி இல்லை. எழுதிக் குவித்தவர்.

நம் பக்கத்து உதாரணம் சேந்தமங்கலத்துக்கு மேலே இருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரியும் அவர் மனைவி ஈவிலினும் 1913இல் கல்யாணம் முடிந்த கையோடு கொல்லிமலை ஏறினார்கள். மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் தங்கத் தயங்கிய மலை. இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவில் பஸ் போகிறது. அன்றைக்கு நடை அல்லது டோலி. ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் படித்திருந்தார். வீடு கட்டினார், புண்ணுக்கு மருந்து போட்டார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். மலை மக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், சுவிசேஷத்தை வாங்கிக்கொள்ளவில்லை. வருடக்கணக்கில் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. எதிர்ப்பில் முன்னால் நின்றவர் ஊர்ப் பூசாரி.

பிறகு ஊரில் காய்ச்சல் வந்தது. பூசாரி வீட்டிலும் படுக்கை. தொட்டால் ஒட்டும் என்று சொந்தக்காரர்களே கிட்டே வராதபோது ஜெஸ்ஸி உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டார். சாகும்போது அந்தப் பூசாரி தன் கைக்குழந்தையைப் பிராண்ட் தம்பதியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மலையில் கதவு திறந்தது அதற்குப் பிறகுதான். ஜெஸ்ஸி போட்ட எந்தத் திட்டத்திலும் அந்தக் காய்ச்சல் இல்லை. ஆனால் அத்தனை வருடம் அங்கேயே இருந்ததால்தான் அந்த ராத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

1929இல், நாற்பத்துநான்கு வயதில், ஜெஸ்ஸியையும் அதே மலையில் காய்ச்சல் கொண்டுபோயிற்று. உழைப்புக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் அந்தக் கணக்கு எனக்கு உதைக்கிறது. உதைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுபத்தாறு வயது. முப்பது வருடம் டீச்சர் வேலை பார்த்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். இப்போது முழங்கால் போய்விட்டது. குளிப்பதற்கும் மருமகள் கை வேண்டும். சர்ச் வேனில் என்னைத் தூக்கி ஏற்றுவதை எல்லோரும் பார்ப்பது கேவலமாக இருக்கிறது, அதனால் ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். யாருக்கும் பாரமில்லாமல் என்னை எடுத்துக்கொள்ளும்படி ஜெபிக்கிறேன். இது தப்பா?
– ஒரு தாயார், ஆத்தூர்

ஜெபத்தில் தப்பு ஒன்றும் இல்லை, அம்மா. ஆண்டவரிடம் எதையும் சொல்லலாம். ஆனால் 'கேவலம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசலாம்.

இயேசு சீஷர்களுடைய காலைக் கழுவ வந்தபோது மற்றவர்கள் மறுத்ததாக யோவான் எழுதவில்லை. பேதுரு மட்டும் காலை இழுத்துக்கொண்டார். பார்க்கப் பெரிய மரியாதை மாதிரி இருக்கிறது. குருவின் கை என் காலில் படுவதா! ஆனால் கழுவக் கொடுக்காவிட்டால் உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிற அளவுக்கு ஆண்டவர் அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டார். காலைக் கழுவுகிறவனின் தாழ்மையை ஒவ்வொரு பெரிய வியாழனும் பிரசங்கம் செய்கிறோம். காலை நீட்டுகிறவனுக்கு வேண்டிய தாழ்மையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொடுத்தே பழகிய உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான் கடினம்.

மேலே சொன்ன ஈவிலின் பிராண்ட் அம்மாவுக்கும் கடினமாகத்தான் இருந்திருக்கும். லண்டனில் வசதியான குடும்பம். கணவர் போன பிறகும் இந்தியாவுக்குத் திரும்பி வந்து சமவெளியில் வேலை செய்தார். எழுபதை நெருங்கும்போது, வயதாகிவிட்டது என்று மிஷன் நிறுத்தப் பார்த்தது. கெஞ்சி ஒரு வருடம் வாங்கினார். அது முடிந்ததும் மிஷனிலிருந்து ஓய்வு பெற்று நேராகக் கொல்லிமலைக்கே போய்விட்டார். அடம்தான், வேறென்ன? மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் கம்பு ஊன்றி எழுந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பேர் பெற்ற மகன் பால் பிராண்ட் எவ்வளவு சொல்லியும் கீழே இறங்கவில்லை. கடைசி இருபது வருடம் அம்மா வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார்.

உங்களுக்காக நான் குறித்து வைத்தது இனிமேல்தான். தொண்ணூற்று மூன்று வயதில், அடிக்கடி விழுகிறார் என்று குதிரையையும் விட வேண்டியதாயிற்று. அப்போது மலை மக்கள் தூளி கட்டி அவரை ஊருக்கு ஊர் தூக்கிப் போனார்கள். தூக்கச் சம்மதித்தார். ஒரு காலத்தில் அவர் மருந்து கொடுத்த மக்கள் அவர்கள். அந்த இரண்டு வருடத்தில் அவர் கொடுத்ததைவிட வாங்கியதே அதிகம் என்று நினைக்கிறேன். அதை ஊழியமில்லை என்று யார் சொல்ல முடியும்? 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில், இறந்தார். ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

பாரமாக இருக்கிறேனோ என்று மருமகளிடமே கேட்டுப் பாருங்கள், அம்மா. ஒருவேளை அவளுக்கு உண்மையிலேயே முதுகு வலிக்கலாம். அப்படியென்றால் வாரத்தில் இரண்டு நாளைக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், பென்ஷன் இருக்கிறதே. அவள் தண்ணீர் ஊற்றும்போது, "உனக்குச் சிரமம் கண்ணு" என்று பத்துத் தடவை சொல்ல வேண்டாம், ஒரு தடவை நன்றி சொன்னால் போதும். அடுத்த ஞாயிறு வேன் வந்தால் ஏறிவிடுங்கள். முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், முழங்காலை நீட்டிக்கொள்ள அங்கேதான் இடம் இருக்கும்.