ஒரு நாள் கொடுத்தால் ஒரு டிக்கெட்

2010ஆம் ஆண்டு பிறந்ததும் டிஸ்னி நிறுவனம் அமெரிக்க, கனடியக் குடும்பங்களோடு ஒரு பேரம் பேசியது. உங்கள் ஊரில் ஏதாவதொரு தொண்டு அமைப்புக்கு ஒரு நாள் உழையுங்கள். புளோரிடாவிலோ கலிபோர்னியாவிலோ உள்ள எங்கள் பூங்காவில் ஒரு நாள் காசில்லாமல் சுற்றிப் பாருங்கள். பத்து லட்சம் பேர் வரை இடமுண்டு. ஆறு வயதுக் குழந்தையிலிருந்து யாரும் சேரலாம், ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர் வரை. எங்கே ஆள் தேவை என்று பட்டியலிட்டு, வருகிறவர்களை அங்கே அனுப்பும் வேலையை ஹேண்ட்ஸ்ஆன் நெட்வொர்க் என்ற அமைப்பு பார்த்துக்கொண்டது. விளம்பரத்துக்கு மப்பெட் பொம்மைகள். ஆண்டு முழுவதையும் மனத்தில் வைத்துத் தொடங்கிய திட்டம், மார்ச் இரண்டாம் வாரத்திலேயே முடிந்துவிட்டது. பத்து லட்சமும் தீர்ந்துபோயிற்று.

நாங்கள் அப்போது சான் ஹோசே பக்கம் குடியிருந்தோம். வார இறுதியில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. "டிக்கெட்டுக்காகச் செஞ்சா அது தொண்டா? கூலி" என்றார் ஒருவர். அவருக்குக் குழந்தைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், டிஸ்னிலேண்ட் தேவைப்படவில்லை. கொள்கை பேச வசதியான வயது. இன்னொருவர் உடனே கைப்பேசியில் கணக்குப் போட்டார். டிஸ்னிலேண்டில் அப்போது பெரியவர்களுக்கு ஒரு நாள் நுழைவு 72 டாலர். கலிபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 டாலர். அந்த 'ஒரு நாள்' மூன்று மணி நேர ஷிப்ட் என்றே வைத்தால், 72 டாலர் சட்டப்படியான கூலியைப் போல மூன்று மடங்கு. "இது கூலின்னா, ரொம்ப நல்ல கூலி" என்றார்.

ஆனால் அந்த மூன்று மணி நேரத்துக்கு 24 டாலர் ரொக்கமாகத் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டிருந்தால் அந்தக் கூடத்திலிருந்து ஒருவரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள். 72 டாலர் ரொக்கம் என்றாலும் யோசித்திருப்பார்கள். கையில் காசு வாங்கினால் கூலியாள். டிக்கெட் வாங்கினால் விருந்தாளி. இதைத் தெரிந்து வைத்திருந்த டிஸ்னியின் விளம்பரப் பிரிவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதற்கு முந்தைய ஆண்டு, பிறந்த நாளன்று வருகிறவர்களுக்கு இலவச நுழைவு என்று அறிவித்தவர்களும் அவர்கள்தான். பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. வேலையின்மை பத்து விழுக்காட்டை ஒட்டி நின்றது. பூங்காவுக்குள் ஒருவரை இலவசமாக விட்டால் அவர் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வண்டி நிறுத்தவும் மிக்கி காதுத் தொப்பிக்கும் செலவழிக்காமல் திரும்பமாட்டார். சான் ஹோசேயிலிருந்து ஆறு மணி நேரம் காரோட்டிப் போய் இரண்டு இரவு தங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தெரிந்தேதான் போனோம்.

வீட்டில் அப்போது என் அம்மாவும் இருந்தார். ஈரோட்டிலிருந்து ஆறு மாத விசாவில் வந்து, குளிரைத் திட்டிக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். என் மகளைப் போன்ற ஆறு வயதுக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் இடம் கிடைப்பதே பெரிய பாடு. திட்டம் ஆறு வயது என்று சொன்னாலும், பல அமைப்புகள் காப்பீட்டைக் காட்டிச் சிறுபிள்ளைகளை ஏற்பதில்லை. கிடைத்த இடங்களும் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பின. கடைசியில் ஓர் உணவு வங்கியின் கிடங்கில் சனிக்கிழமைக் காலை ஷிப்ட் கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம், வீட்டில் தனியாக உட்கார வைக்க மனமில்லாமல்.

வேலை இதுதான். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் திரட்டிய டப்பா உணவுகள் பெரிய தொட்டிகளில் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பீன்ஸ் ஒரு பக்கம், சூப் ஒரு பக்கம், டூனா மீன் ஒரு பக்கம் என்று பிரித்து, வாழைப்பழம் வந்திறங்கிய அட்டைப் பெட்டிகளில் அடுக்கவேண்டும். லேபிள் கிழிந்து உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத டப்பா கழிவுக்கு. மூடி உப்பியிருந்தால் கழிவுக்கு. குழந்தை உணவில் தேதி ஒரு நாள் தாண்டியிருந்தாலும் கழிவுக்கு. நெளிந்த டப்பாவில்தான் தகராறு வந்தது. அம்மா ஒரு தக்காளி டப்பாவைக் கழிவுத் தொட்டியிலிருந்து திரும்ப எடுத்துவிட்டார். "நெளிஞ்சா என்ன ஆயிரும் கண்ணு? உள்ள இருக்கறது நல்லாத்தானே இருக்குது?" அங்கே பொறுப்பிலிருந்த பெண் சிரித்துக்கொண்டே வந்து அம்மாவின் விரலைப் பிடித்து டப்பாவின் விளிம்பைத் தடவிக் காட்டினார். வயிற்றில் நெளிவு பரவாயில்லை. விளிம்புத் தையலில் நெளிந்தால் காற்றுப் புகுந்து கெட்டுவிடும். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அதற்குப் பிறகு அம்மா கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு விரலாலேயே சோதிக்கத் தொடங்கினார். எங்கள் மேசையில் வேகமாக வேலை செய்தவர் அவர்தான். நாங்கள் இடையிடையே படம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஷிப்ட் முடிந்ததும் ஒரு தாள் வந்தது. முன்பதிவு செய்த பெயர்களுக்கு நேரே கையெழுத்துப் போடவேண்டும். அமைப்பு அதைச் சரிபார்த்து உறுதி செய்தபின் டிஸ்னியிலிருந்து சீட்டு வரும். அமெரிக்கா, கனடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே திட்டம் என்பதால் சுற்றுலா விசாவில் வந்த அம்மாவின் பெயர் தாளில் இல்லை. பாட்டிக்கு ஏன் டிக்கெட் இல்லை என்று என் மகள் விடாமல் கேட்டாள். "நம்மூரு குடோன்ல நான் பார்க்காத எலியா?" என்றார் அம்மா.

டிக்கெட்டுக்காகச் செய்தால் தொண்டு கெட்டுவிடுமா என்ற கேள்வியை நிபுணர்கள் நெடுநாளாகவே சோதித்து வருகிறார்கள். ரத்தத்துக்குக் காசு கொடுத்தால் கொடுக்கும் மனம் தேய்ந்துவிடும் என்று 1970இல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் வாதாடினார். பல ஆண்டுகள் கழித்து சுவீடனில் இரண்டு பொருளியலாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். ரத்ததானத்துக்கு முன்வந்தால் 50 குரோனா தருகிறோம் என்றதும், முன்வந்த பெண்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஆண்களிடம் மாற்றம் தெரியவில்லை. அந்தக் காசை வேண்டுமானால் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வழி திறந்து வைத்தபோது, விலகிய பெண்கள் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். டிஸ்னியும் அந்த வழியைத் திறந்தே வைத்திருந்தது. டிக்கெட் வேண்டாதவர்கள் அதைத் தொண்டு அமைப்புக்கு அளித்துவிடலாம்.

எனக்கு அதைவிடச் சுவையாக இருப்பது யூரி க்னீசியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000இல் எழுதியது. இஸ்ரேலில் பள்ளி மாணவர்கள் வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டும் நாள். ஒரு கூட்டத்தை ஊக்கச் சொற்களோடு மட்டும் அனுப்பினார்கள். ஒரு கூட்டத்துக்குத் திரட்டியதில் ஒரு விழுக்காடும், இன்னொரு கூட்டத்துக்குப் பத்து விழுக்காடும் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பணம் நன்கொடையிலிருந்து அல்ல, ஆய்வாளர்களின் கையிலிருந்து. சும்மா போனவர்களே அதிகம் திரட்டினார்கள். பத்து விழுக்காட்டுக்காரர்கள் அடுத்து. ஒரு விழுக்காட்டுக்காரர்கள் கடைசி. காசு மனத்தைக் கெடுக்கிறது என்று இதை வைத்து யாரும் சொல்லிவிடலாம். கொடுக்கவே வேண்டாம், கொடுத்தால் கஞ்சத்தனம் வேண்டாம் என்றும் சொல்லலாம். 72 டாலர் டிக்கெட் அந்த இரண்டாவது வகையில் வரும்.

மறுபக்கச் சான்றும் இருக்கிறது. பரிசுக் கூப்பன், டி-ஷர்ட் போன்றவை கொடுத்தால் உண்மையான ரத்ததான முகாம்களில் கொடையாளர்கள் கூடுகிறார்கள், ரத்தத்தின் பாதுகாப்புக் குறைவதில்லை என்று 2013இல் சயன்ஸ் இதழில் லாசெட்டேரா முதலிய மூவர் எழுதினார்கள். உணவு வங்கிக்காரர்களைக் கேட்டால் இந்தச் சர்ச்சையே விளங்காது. நன்றியறிதல் நாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை தொண்டர் கூட்டம் முட்டி மோதும், திருப்பி அனுப்பவேண்டியிருக்கும். ஜனவரி பிறந்தால் கிடங்கு வெறிச்சோடிவிடும், பசி மட்டும் அப்படியே இருக்கும். அந்த ஆண்டு டிஸ்னி அனுப்பிய ஆட்கள் வந்து நின்றது சரியாக அந்த வறண்ட மாதங்களில். பீன்ஸ் டப்பாவை வாங்கிப் போகிறவர், இதை அடுக்கிய கை எதற்காக அடுக்கியது என்று கேட்கப்போவதில்லை.

ஆகவே மனத் தூய்மையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மனிதர்கள் கலப்படமான காரணங்களோடுதான் எதையும் செய்கிறார்கள். புண்ணியக் கணக்கும் ஒரு கணக்குத்தான். என்னை உறுத்துவது அந்தத் தாள். பரிசு என்று ஒன்று வந்துவிட்டால் சான்று வேண்டும். சான்று வேண்டுமென்றால் தொடங்கும் நேரம், முடியும் நேரம், மேற்பார்வையாளர், கையெழுத்து எல்லாம் வேண்டும். இவை பொருந்துகிற வேலைகள் மட்டுமே தொண்டு என்ற பெயருக்குள் நுழைகின்றன. டப்பா பிரிக்கலாம், பூங்காவில் குப்பை பொறுக்கலாம், சுவருக்குச் சாயம் அடிக்கலாம். ஈரோட்டில் எங்கள் தெருவில் சாவு விழுந்தால், அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் யார் வீட்டிலிருந்து காலைக் காப்பி, யார் வீட்டிலிருந்து மதியச் சோறு என்று அம்மாதான் முடிவு செய்வார். பிள்ளை பெற்று வந்த பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இதற்கு ஷிப்ட் கிடையாது, யாரும் தாள் நீட்டியதில்லை. கிடங்கில் அவர் பெயர் இல்லாமல் வேலை செய்தது எங்களுக்குத்தான் விசித்திரமாக இருந்தது, அவருக்கு வழக்கம்.

கனடாவில் இந்தத் தாள் விவகாரம் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒன்டாரியோ மாகாணத்தில் 1999 முதல், உயர்நிலைப் பள்ளியை முடித்துச் சான்றிதழ் வாங்கவேண்டுமென்றால் 40 மணி நேரச் சமூகத் தொண்டு கட்டாயம். ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பரின் மகன் கோயிலில் செருப்பு அடுக்கியும் தமிழ் விழாக்களில் நாற்காலி போட்டும் அதை முடித்தான். வீட்டில் வழக்கமாகச் செய்யும் வேலைகளை அந்த 40 மணியில் சேர்க்க முடியாது என்பது விதி. நியாயமான விதிதான், இல்லாவிட்டால் தட்டுக் கழுவியதற்கெல்லாம் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் நண்பர் சொன்னதும் காதிலேயே நிற்கிறது: "அம்மம்மாவை டாக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போய், மொழிபெயர்த்து, மருந்து வாங்கிக் குடுத்து, முழு நாளும் போகுது. அதுக்கு மணித்தியாலம் தரமாட்டினமாம்." பையன் அம்மம்மாவை இன்றும் கூட்டிக்கொண்டுதான் போகிறான். கோயிலில் செருப்பு அடுக்குவதை 41ஆவது மணியில் நிறுத்திவிட்டான். இதில் யாரைக் குறை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்து முடிந்த இடத்தில் தொண்டும் முடிந்துவிட்டதாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரும் அல்ல, படிவம்தான்.

எங்கள் வீட்டிலும் படிவம் வேலை செய்தது. சீட்டு வந்தது, போனோம், மகள் ஒரு நாள் முழுக்கக் கிறீச்சிட்டாள். அடுத்த சனிக்கிழமைகளில் உணவு வங்கிக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டோம். நீச்சல் வகுப்பு, பிறந்த நாள் விருந்து என்று தள்ளிப்போயிற்று. அம்மாதான் ஊருக்குத் திரும்பும்வரை, மறுபடி எப்போது போகிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே பேசத் தெரியவேண்டியதில்லை, கை இருந்தால் போதும் என்பது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. பரிசு கிடைத்தவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது, பரிசு இல்லாதவருக்கு முடியவில்லை என்று சுவீடன்காரர்களுக்கு எழுதிப் போடலாமென்று தோன்றும். ஆனால் ஒரு பாட்டியை வைத்து ஆய்வு முடிவு சொல்லக் கூடாது. அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை.

எனக்கு ஒரு யோசனை உண்டு. அந்தக் கிடங்கில் பொறுப்பிலிருந்த பெண்ணிடம் எப்படிப்பட்ட ஆள் உங்களுக்கு வேண்டும் என்று அன்றே கேட்டிருந்தேன். சனிக்கிழமை படையெடுத்து வருகிற குடும்பங்களுக்கு நன்றி, ஒவ்வொரு முறையும் விளிம்பு நெளிவை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கவேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாராவாரம் வந்து நிற்கிற ஓய்வுபெற்ற நாலு பேரை வைத்துத்தான் கிடங்கு ஓடுகிறது என்றார். அப்படியென்றால் டிக்கெட்டை முதல் நாளில் கொடுக்காமல் பன்னிரண்டாவது முறை வரும்போது கொடுக்கலாம். அதற்குள் வந்தவருக்கு வேலை கைவந்திருக்கும், பக்கத்து மேசைக்காரரின் பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் தெரிந்திருக்கும், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பதின்மூன்றாவது வாரமும் வருவார். பத்து லட்சம் பேர் பத்தே வாரத்தில் சேர்ந்திருக்க மாட்டார்கள், ஐம்பதாயிரம் பேர் சேர்ந்திருந்தால் அதிகம். மப்பெட்டுகளை வைத்து விளம்பரம் எடுக்க அது தோதுப்படாது.